மணப்படக் கணிப்பு நூல்: ஆண்டறிதலும் நிறமேற்றலும்

பாயிரம்

மாணாக்க, இந்நூல் எடுத்துக்கொண்ட பொருள் பழைய மணப்படம். அதனிடத்துச் செய்யத்தகும் வினை இரண்டு. நாள் குறிக்கப்படாத மணப்படம் எவ்வாண்டில் எடுக்கப்பட்டது என்பதை அதில் உள்ளாரின் உடை, முடி, அணி ஆகியவற்றால் துணிதல் முதல் வினை. இது ஆண்டறிதல் எனப்படும். கருப்பும் வெளுப்புமாய் நிற்கும் அப்படத்துக்கு அதற்குரிய நிறத்தை மீட்டுத் தருதல் இரண்டாம் வினை. இது நிறமேற்றல் எனப்படும். முன்னதை முடிக்காமல் பின்னதில் கைவைப்பவன் 1938இன் மணமகளுக்கு 1985இன் நிறத்தைப் பூசிவிடுவான். ஆகவே இவ்வரிசை மாறாமல் கற்க.

நூலின் எல்லை: மேற்கே இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும், தெற்கே சாத்தூர், கிழக்கே அருப்புக்கோட்டை, நடுவே விருதுநகரும் சிவகாசியும். கோவில்பட்டி எல்லைக்கு வெளியே இருப்பினும், அதன் திரைச்சீலைகள் எல்லைக்குள் வந்தமையால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மணப்படமாவது யாது எனின்: மணமக்கள் இருவரும் ஒருங்கே தோன்றி, இருவருள் ஒருவரும் சிரிக்காதிருக்கும் ஒளிப்படம். பழைய நிலையப்படத்தில் சிரிக்கும் பெண் காணப்படின், அவர் மணமகள் அல்லர், மணமகளின் தங்கை.

முதலாம் இயல்: படத்தின் வகை

மணப்படம் மூவகைப்படும். அவை நிலையப்படம், பந்தற்படம், மறுவீட்டுப்படம் என்பன.

1. நிலையப்படம். ஒளிப்பட நிலையத்தில் திரைச்சீலைக்கு முன் எடுக்கப்படுவது. திரை நால்வகை: மாடிப்படித் திரை, தூண் திரை, நிலாத் திரை, வெற்றுத் திரை. நாடகக் குழுவுக்குத் திரை எழுதிய ஓவியர் கொண்டையராசு (1898–1976) கோவில்பட்டியில் தங்கியபின், அவரும் அவர் மாணாக்கரும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே நாட்காட்டிகளாக நாடெங்கும் பரவின. நாடக மேடையிலிருந்து நிலையத்துக்கு வந்த இத்தூண்களும் படிகளும் எளிதில் ஓய்வு பெறுவதில்லை. கிழியும்வரை ஒரே திரைமுன் தந்தையும் மகனும் மணமகனாய் அமர்ந்த குடிகள் உண்டு. ஆதலின் திரையைக் கொண்டு நிலையத்தைத் துணிக, ஆண்டைத் துணியற்க.

2. பந்தற்படம். மணவீட்டிலேயே கூட்டத்தோடு எடுக்கப்படுவது. கணிப்போனுக்கு இதுவே பெருஞ்செல்வம். மணமக்கள் நடுவில் இருந்தாலும் அறிவு விளிம்பில் இருக்கும். ஏன் என்பதை அடுத்த இயலில் கூறுவாம்.

3. மறுவீட்டுப்படம். மணம் முடிந்து சில நாளோ சில கிழமையோ கழித்து மணமக்கள் நிலையத்துக்குச் சென்று எடுத்துக்கொள்வது. வீட்டார் இதையே மணநாட் படம் என்று உறுதியாகக் கூறுவர். மாலை இல்லாமையும், மணமகன் நன்கு உறங்கித் தெளிந்த கண்ணினனாய் இருத்தலும் இதன் அடையாளம்.

மூவகைக்கும் பொதுவான முதற்கடன் ஒன்று உண்டு. படத்தைத் திருப்பி, பின்புறத்தில் நிலையத்தார் குத்திய முத்திரையைப் படிக்க. விருதுபட்டி என்று இருப்பின் 1923க்கு முந்தியது. அவ்வாண்டில் ஊர் விருதுநகர் ஆயிற்று. இராமநாதபுரம் மாவட்டம் என்று இருப்பின் 1985க்கு முந்தியது. காமராசர் மாவட்டம் என்று இருப்பின் 1985க்கும் 1997க்கும் இடைப்பட்டது. 626 என்று தொடங்கும் ஆறிலக்க அஞ்சற்குறி இருப்பின் 1972க்கு முந்தியதாகாது. நிலையத்தார் பழைய முத்திரையை மை தீரும்வரை விடார் என்பதால், இவற்றோடு ஓரிரண்டு ஆண்டு கூட்டிக் கொள்க.

இரண்டாம் இயல்: துணியும் நெறி

ஆண்டு துணிதற்குரிய நெறி மூன்று.

1. புதுமை நெறி. படத்தில் உள்ள பொருள்களுள் எது கடைசியாகப் பிறந்ததோ அதற்கு முன் படம் பிறந்திராது. பாட்டியின் பாம்படம் நூறாண்டுப் பழமை உடையதாயினும், அவர் மடியில் இருக்கும் பேரன் கையில் நெகிழி ஊதுகுழல் இருப்பின், ஊதுகுழலே ஆண்டைச் சொல்லும்.

2. இளையோர் நெறி. அகவை முதிர்ந்தோர் தம் இளமைக்காலத்து உடையை இறுதிவரை உடுத்துவர். ஆகவே பெரியவர்களைக் கொண்டு ஆண்டு துணியற்க. படத்தில் உள்ள பதினாறு அகவைச் சிறுவனின் தலைமுடியைக் காண்க. அவன் ஒருவனே நிகழ்காலத்தில் வாழ்கிறான்.

3. விளிம்பு நெறி. மணமக்கள் அன்று உடுத்தியவை தமக்குரியன அல்ல, ஒருநாட் கோலம். ஓரத்தில் பாதி வெட்டுண்டு நிற்பவன் உடை அன்றாட உடை. நடுவில் உள்ளார் தம்மை எப்படிக் காட்ட விரும்பினர் என்பதைக் காட்டுவர். ஓரத்தில் உள்ளார் அக்காலம் எப்படி இருந்தது என்பதைக் காட்டுவர்.

அற்றேல், மூன்று நெறியும் முரணினால் எதைக் கொள்வது எனின், முதலாவதைக் கொள்க. ஆள் பொய் சொல்லலாம், ஊதுகுழல் சொல்லாது.

இந்நெறிகளால் ஆராயுமுன் இடவலம் தேர்க. ஊரார் ‘நெகட்டிவ்’ என்னும் எதிர்ப்படியைப் புரட்டி வைத்து அச்சிட்ட படங்கள் பல. சேலையின் முந்தானை இடத்தோளிலும், ஆடவர் சட்டைப்பை இடமார்பிலும் இருத்தல் இயல்பு. இரண்டும் வலத்தே இருப்பின் படம் புரண்டது. முந்தானை மட்டும் வலத்தே இருப்பின், படம் நேராகவே இருக்கலாம். ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலத்தோளுக்கே செல்லும்.

மூன்றாம் இயல்: ஆடவர் குறி

ஆடவரிடத்துக் காலங்காட்டும் உறுப்பு ஐந்து. அவை தலை, மேலுதடு, கழுத்து, மணிக்கட்டு, கால் என்பன.

1. தலை. குடுமித்தலை, கத்தரித்தலை, படித்தலை என மூன்று. குடுமியும் தலைப்பாகையும் முற்காலத்தன. கத்தரித்தலை எண்ணெய் தடவி வகிடெடுத்தது, நடுக்காலத்தது. படித்தலையாவது ஊரார் ‘ஸ்டெப் கட்டிங்’ என்று முடிதிருத்தகத்தில் கேட்டு வாங்கியது; 1970களது. இடைநிலை ஒன்று உண்டு: குடுமியை எடுத்துவிட்டு வீட்டுக்குத் தெரியாமல் தலைப்பாகை மட்டும் கட்டியிருப்பது. இது மறைகுடுமி எனப்படும். தலைப்பாகையின் பின்புறம் தட்டையாக இருத்தல் இதன் அடையாளம்.

2. மேலுதடு. முறுக்கு மீசை, கோட்டு மீசை, தொங்கு மீசை, மீசையின்மை என நான்கு. கோட்டு மீசை மெல்லிய கரிக்கோடு போல்வது. 1950, 1960களின் திரைத்தலைவர் வழி வந்தது. அது கரிக்கோலாலேயே வரையப்பட்டதும் உண்டு. அச்சுப்படியைத் திருத்தும் நிலையத்தார்க்கு அது எளிய வேலை. மீசை இருபுறமும் ஒத்த அளவினதாயின் அது முகத்தில் வளரவில்லை என்று அறிக.

3. கழுத்து. மூடுகழுத்துக் குப்பாயம், திறந்த கழுத்துக் குப்பாயம், அகலக்காது, சிறுகாது எனப் பிரியும். நாய்ச்செவி போல் தோள்வரை நீளும் சட்டைக்காது 1970களுக்கு உரியது; அதனோடு கன்னமுடி தாடைவரை இறங்கியிருப்பின் ஐயமே இல்லை. குப்பாயத்தைப் பொறுத்தவரை ஒரு தடை உண்டு. நிலையத்தார் தம்மிடம் வருவோர்க்கென ஒரு குப்பாயம் வைத்திருப்பர். ஊர் முழுதும் அதை அணிந்தே மணமகன் ஆயிற்று. அதன் கை விரல்நுனிவரை மறைத்தாலும், மணிக்கட்டுக்கு ஒருசாண் மேலே நின்றாலும் அது நிலையக் குப்பாயம். அது நிலையம் தொடங்கிய ஆண்டைக் காட்டும். மணம் நிகழ்ந்த ஆண்டைக் காட்டாது.

4. மணிக்கட்டு. கைம்மணிப்பொறி உடைய மணமகன் அக்கையை முழங்கால்மேல் வைத்து, முகப்பு நம்மை நோக்குமாறு திருப்பியிருப்பான். இந்நிலை காட்டுகை எனப்படும். பெங்களூரு எச்.எம்.டி. மணிப்பொறி 1961 முதற்கொண்டது. ஓசூர் டைட்டன் நிறுவனம் 1984இல் தோன்றியது. உருப்பெருக்கியால் முள்ளைப் படிக்க. காலை நல்லோரைக்கும் முள் காட்டும் நேரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லையாயின், அப்பொறி மாமனார் அன்று அளித்தது, சாவி கொடுக்கப்படவில்லை.

5. கால். வேட்டி காலமற்றது. மணிக்கால் காற்சட்டை, ஊரார் பெல்பாட்டம் என்பது, 1970களது. மணமகன் தோழரிடத்துக் காணப்படும். ஒரே துணியில் மேலும் கீழும் தைத்த ‘சபாரி’ 1970களின் இறுதியிலும் 1980களிலும் வழங்கியது; அணிந்தவர் பெரும்பாலும் அரசு அலுவலர் அல்லது அவ்வாறு கருதப்பட விரும்பியவர்.

இவற்றுக்குப் புறனடை ஒருவர். காமராசர் (1903–1975) நிற்கும் மணப்படம் உடைக்குறியால் கணிக்கப்படாது. முழங்காலை எட்டும் கதர்ச்சட்டையும் வேட்டியும் மேல்துண்டுமாகவே அவர் இருந்தமையால் அவரிடத்தில் காலம் ஒட்டவில்லை. அவர் தமக்கென ஒரு மணப்படம் வைத்துச் செல்லாதவர். பிறர் மணப்படத்தில் நின்றவர். அவரைச் சூழ்ந்தோரை எண்ணுக: காவலரும் அலுவலரும் நெருங்கி நின்றால் அவர் முதலமைச்சராய் இருந்த 1954–1963 என்று கொள்ளலாம்.

நான்காம் இயல்: பெண்டிர் குறி

பெண்டிரிடத்துக் குறி நான்கு. அவை செவி, கை, வகிடு, நெற்றி என்பன.

1. செவி. வடிசெவி, தைத்த செவி, சிறுதுளைச் செவி என மூன்று. தண்டட்டியும் பாம்படமும் தொங்கத் தோளைத் தொடும் வடிசெவி மூத்த தலைமுறையது. வடித்த செவியை அறுத்துத் தைத்துக்கொண்டது இடைத்தலைமுறை. மடலின் கீழ் ஒரு தழும்பு காணப்படும். மூன்று செவியும் ஒரே படத்தில் பாட்டி, தாய், மகள் என வரிசையாய் நிற்றல் உண்டு. அப்படம் கிடைத்தவன் வேறு பாடநூல் தேடவேண்டா.

2. கை. ஈண்டுக் கை என்றது ரவிக்கையின் கையை. கையின்மை இருவகை: ரவிக்கையே இல்லாமை, ரவிக்கையில் கை இல்லாமை. முன்னது மிகப் பழையது. பின்னது மிகத் துணிந்தது. கையுடைமை மூவகை: உப்புக்கை, முழங்கைக்கை, குறுங்கை. உப்புக்கை 1940களில் ஒருமுறையும் 1980களில் மறுமுறையும் வந்தது. இவ்விரண்டையும் கையால் பிரித்தறிய முடியாது. கையின் கீழுள்ள வளையலால் பிரிக்க. 1985இல் நதியா நடித்த ‘பூவே பூச்சூடவா’ திரைப்படம் வந்தபின் நதியா வளையல், நதியா தோடு, நதியா பொட்டு என்று கடைக்காரர் பெயரிட்டு விற்றனர்.

3. வகிடு. நடுவகிடு, கோணல்வகிடு என இரண்டு. கோணல்வகிடு படித்த பெண்ணுக்கு அடையாளம் என்று ஒருகால் கருதப்பட்டமையால், படிக்காத பெண்ணுக்கும் மணநாளில் அது எடுக்கப்பட்டது. ஆதலின் அது கல்விக்குச் சான்றாகாது, காலத்துக்கே சான்றாகும். 1960களின் உயர்கொண்டை தலைக்குமேல் இன்னொரு தலை போல் எழும். அதன் உள்ளீடு கூந்தல் அன்று என்பதை மட்டும் இங்குக் கூறி அமைவாம்.

4. நெற்றி. சாந்துப் பொட்டு, தூட்பொட்டு, ஒட்டுப்பொட்டு என மூன்று. வியர்த்த நெற்றியில் பொட்டின் வட்டம் கலையாமல் இருப்பின் ஒட்டுப்பொட்டு. காலம் 1980களும் அதன்பின்னும்.

திரையின் வழி வந்த குறி எதற்கும் காலத்தாழ்வு உண்டு. சென்னையில் வெளிவந்த படம் மதுரை கடந்து விருதுநகர் வந்து, பின்னர்ச் சிற்றூர்க் கொட்டகையை அடையும். அங்கிருந்து கோலம் உடம்பை அடைய மேலும் தடை உண்டு. ஆகவே சமன்பாடு இது: மண ஆண்டு என்பது, படம் வெளிவந்த ஆண்டும், கொட்டகை வழிநடையும், தையற்காரர் தயக்கமும், மாமியார் தடையும் கூடிய தொகை. இவற்றுள் முதல் மூன்றும் அளக்கத்தக்கன.

ஐந்தாம் இயல்: பொருட்குறி

பந்தற்படத்தில் ஆளல்லாத பொருள்களும் பேசும்.

1. இருக்கை. வளைமர நாற்காலி, மடக்கும் இரும்பு நாற்காலி, நெகிழி நாற்காலி என வரிசைப்படும். நெகிழி நாற்காலி நிறைந்த பந்தல் 1990களுக்கு முந்தியதாதல் அரிது.

2. சீர்ப்பொருள். பித்தளைக் குடம் முன்னது. ஊரார் எவர்சில்வர் என்னும் துருப்பிடியா உருக்குக் குடம் பின்னது. இரண்டும் கலந்து நிற்கும் படம் மாறுகாலத்தது. அதில் பித்தளை எப்பக்கம் வைக்கப்பட்டுள்ளதோ அப்பக்கம் மூத்த அத்தை நின்றார்.

3. புகை. வேள்விப்புகை இல்லாது, மேசையும் ஒலிவாங்கியும் பேசுவோர் ஒருவரும் இருப்பின் அது தன்மதிப்புத் திருமணம். பெரியார் நடத்திய இத்தகைய முதல் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் நிகழ்ந்தது; அண்ணா அரசு 1967இல் அதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஆகவே இம்மாவட்டத்தில் புகையின்மை 1928 முதலே காணத்தக்கது. புகை இல்லாமை கொண்டு பின்னாளைய படம் என்று முடிவுகட்டுபவன் ஊர் வரலாறு அறியாதவன்.

4. தூவல். மணமகன் சட்டைப்பையில் மைத்தூவல் செருகியிருத்தல் எழுத்தறிவின் கொடி. சாத்தூர் தூவல்முள் செய்தே பெயர்பெற்ற ஊராதலின் இங்கு அது மிகுதி. இரண்டு தூவல் இருப்பின் கணக்குப்பிள்ளை. மூன்று இருப்பின் பழுதுபார்ப்பவர்.

5. தாளின் உடல். விளிம்பு நெளிநெளியாக வெட்டப்பட்டிருப்பின் 1960களுக்குள் அடங்கும். உதகையின் இந்து ஒளிப்படத்தாள் 1967க்குப் பின்னது. கிழக்குச் செருமனியின் ஓர்வோ என்னும் பெயர் 1964க்குப் பின்னது.

6. நாட்காட்டி. இதுவே சான்றுகளுள் தலையாயது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்யநாடாரும் சண்முகநாடாரும் தொடங்கிவைத்த வேலை, வெடியாயும் அச்சாயும் விரிந்தது. நாட்டின் நாட்காட்டிகளுள் பெரும்பகுதி சிவகாசியில் அச்சாவது. எனவே இம்மாவட்டத்துச் சுவர்களில் நாள் தொங்கும். பந்தற்படத்தின் பின்சுவரில் நாட்கிழிப்புத் தாள் தெரியின், உருப்பெருக்கியோடு அமர்க. ஆயினும் அத்தாளைக் கண்மூடி நம்பற்க. வீடுகள் நான்கு வகை:

அ. நாடோறும் கிழிக்கும் வீடு. தாளின் நாளே மணநாள்.
ஆ. சேர்த்துக் கிழிக்கும் வீடு. கிழமைக்கு ஒருமுறை ஏழு தாளையும் ஒருங்கே கிழிப்பது. மணநாள் தாளுக்குப் பிற்பட்டது.
இ. முந்திக் கிழிக்கும் வீடு. சிறுவர் உள்ள வீடு. மணநாள் தாளுக்கு முற்பட்டது.
ஈ. கிழிக்கா வீடு. அட்டையில் உள்ள கடவுள் படத்துக்காக வாங்கியது. ஆண்டு மட்டும் கொள்க. அதுவும் கடந்த ஆண்டினதாகலாம்.

மணவேலையில் எல்லா வீடும் ஆ-வகையாய் மாறும் என்பதால், தாள் காட்டும் நாளை அடுத்து வரும் நல்லோரை நாளையே மணநாளாகக் கொள்க. ஆடியும் மார்கழியும் வந்தால் தள்ளுக. செவ்வாயும் சனியும் வந்தாலும் தள்ளுக. தள்ளியும் ஒன்றும் எஞ்சவில்லையாயின் அது ஈ-வகை வீடு.

ஆறாம் இயல்: அறுபதாண்டு மயக்கம்

படத்தோடு அழைப்பிதழின் கிழிசல் கிடைப்பதுண்டு. அதில் தமிழாண்டின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும். பெயர்கள் அறுபதே ஆதலின் அறுபதாண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும். பிரபவ என்றால் 1927ஆ 1987ஆ என்பது குடுமியால் நொடியில் தீரும். அரிய மயக்கம் விகாரி ஆண்டினது. அது 1959இலும் 2019இலும் வந்தது. 1959இன் மணமகளுக்கு முழங்கைக்கை ரவிக்கை, கொண்டை நிறைய மல்லிகை; 2019இன் மணமகளுக்கும் முழங்கைக்கை ரவிக்கை, கொண்டை நிறைய மல்லிகை. பின்னவர் தம் படத்தைக் கணினியால் பழுப்பாக்கி, விளிம்பும் கிழித்து வைத்திருப்பார். இத்தகைய படம் போலிப்பழம்படம் எனப்படும்.

பிரித்தறியும் வழி மூன்று. மணமகன் சிரித்தால் 2019. மணமக்கள் ஒருவரை ஒருவர் நோக்கினால் 2019. விளிம்பில் நிற்போர் மணமக்களை விட்டுத் தத்தம் உள்ளங்கையை நோக்கினால், வேறு வழி தேடற்க.

ஏழாம் இயல்: நிறமேற்றல்

ஆண்டு துணிந்தபின் நிறம் ஏற்றுக. ஏற்றுமுன் ஒளிப்படத் தகட்டின் குறை அறிக. பழைய தகடுகள் செம்மைக்குருடு உடையன: நீலத்தையும் பச்சையையும் உணரும், சிவப்பை உணரா. 1873இல் வோகல் என்னும் செருமானியர் சாயம் ஏற்றித் தகட்டுக்குப் பச்சையை உணர்த்தினார். சிவப்பும் உணரும் முழுநிறத் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் சிவப்பு விளக்கின்கீழ் கண்ணால் பார்த்துக் கழுவ முடிந்தமையால் நிலையத்தார் பழைய வகையை நெடுநாள் விடவில்லை. இதனால் விளைவன நான்கு.

1. சிவப்புச் சேலை கருப்பாய்த் தோன்றும். கருஞ்சேலை உடுத்த மணமகள் என்று அஞ்சற்க, அவர் செஞ்சேலைக்காரர்.
2. நீலச் சேலை வெளுத்துத் தோன்றும். கைம்பெண் என்று எண்ணற்க. வாணவெடியில் செம்பு உப்பால் நீலம் எய்துதல் கடினம் என்பார் சிவகாசியார். தகட்டில் நீலத்தைக் காத்தலும் அவ்வாறே.
3. மாநிற முகம் கருத்துத் தோன்றும். தாத்தா கருப்பு என்று குடியில் வழங்கும் பேச்சுப் பல வீடுகளில் தகட்டின் பழி.
4. அப்பழியைத் தீர்க்க நிலையத்தார் எதிர்ப்படியில் முகத்தின்மேல் கரிக்கோல் இழைத்தனர். அச்சில் முகம் வெளுத்தது. கையை யாரும் இழைப்பதில்லை. ஆகவே முகமும் கையும் வேறுபடின் கையையே நம்புக.

சிவப்பு என்று மட்டும் கூறுவோன் இவ்வூரான் அல்லன். விருதுநகர் வத்தல் வணிகத்தின் ஊர். சிவகாசி தீயின் ஊர். அவற்றுக்கேற்பச் சிவப்பு ஐவகை: அரக்கு, சம்பா வத்தல், குண்டு வத்தல், தீக்குச்சித் தலை, தீவாளி மறுநாள் தெருவில் கிடக்கும் வெடித்தாள். அரக்கு மூத்தோர் விருப்பம். வெடித்தாள் இளையோர் விருப்பம். பச்சைக்குக் கிளி, மாங்காய், பொன்வண்டு. ஊதாவுக்கு வாடாமல்லி, கத்தரிப்பூ. இரண்டுக்கும் நடுவே நின்று எவரும் துணிய முடியாதது மயிற்கழுத்து.

பொன்னின் மஞ்சளும் ஆண்டுக்கேற்ப மாறும். 1963இல் நடுவண் அரசு பொற்கட்டுப்பாடு கொணர்ந்து 14 காரட்டுக்கு மிகுந்த புதுநகை செய்வதைத் தடுத்தது. சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. ஆகவே அவ்விடைக்காலத்து மணமகளின் புதுநகைக்கு வெளிர்மஞ்சளும், பாட்டி கொடுத்த காசுமாலைக்கு அடர்மஞ்சளும் ஏற்றுக. அக்காசுமாலையே குடியின் எல்லா மணப்படத்திலும் தோன்றும். அது சுற்றணி எனப்படும்.

நிறத்துக்குச் சான்று மூன்று.

1. துணிச்சான்று. சேலை எஞ்சியிருத்தல் அரிது. அது மகளுக்குப் பாவாடையாகும், பின்னர்த் தொட்டிலாகும், சரிகை பழஞ்சரிகை வாங்க வருவோரிடம் போகும். எஞ்சியிருப்பின் மேற்புறம் பாராது மடிப்பின் உட்புறம் காண்க. ஒளிபடாத இழையே உண்மை நிறம் தாங்கும்.

2. கைந்நிறச் சான்று. நிலைய ஓவியர் அன்றே உதட்டுக்குச் சிவப்பும் நகைக்கு மஞ்சளும் தீட்டிய படங்கள் உண்டு. அவர் தீட்டியது தம் கிண்ணத்தில் இருந்த நிறம். சேலையில் இருந்த நிறம் அன்று. தள்ளுக.

3. நினைவுச் சான்று. இது ஐவர் கூற்று. மணமகள் அரக்கு என்பார். மாமியார், எடுத்துக் கொடுத்தது நான், மாம்பழம் என்பார். நாத்தனார் தம் மணச்சேலையின் நிறத்தைக் கூறுவார். மதினி, அது இரவற்சேலை என்று தொடங்கி நிறத்தைக் கூறாமலே முடிப்பார். மணமகன் நிறத்தை அறியார், விலையை அறிவார்.

அற்றேல், இக்காலத்துக் கணினிப்பொறி நிறத்தைத் தானே ஊகித்துத் தருகின்றதே, இவ்வைவர் எதற்கு எனின்: பொறி எண்ணிறந்த படங்களைக் கண்டு, எல்லாவற்றுக்கும் நடுவான நிறத்தைத் தேர்வது. அரக்குக்கும் மாம்பழத்துக்கும் நடுவே இருப்பது மங்கல் பழுப்பு. பழுப்புச் சேலையில் மணமகள் அமர்ந்த வீடு இவ்வெல்லைக்குள் இல்லை. பொறியின் விடையை ஆறாவது உறவினர் கூற்றாகக் கொண்டு ஓரத்தில் வைக்க.

நிறமாகவே எடுக்கப்பட்ட 1970களின் படங்களையும் இவ்வியலில் சேர்க்க. அத்தாளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் அழியும். எஞ்சிய சிவப்பு படத்தை மூடும். தந்தையின் படம் சிவந்து கிடக்க, தாத்தாவின் வெள்ளிப்படம் தெளிவாய் நிற்கும். சிவந்த படத்துக்கு நிறம் ஏற்றுதல் கூடாது. நிறம் குறைத்தலே வேண்டும்.

புறனடை

ஐவர் கூற்றும் முரணினால் முடிபு யாது? மணமகள் உயிரோடு இருப்பின் அவர் சொல்லே முடிபு. துணி எதிர்த்துச் சொன்னாலும், தகட்டின் வேதியியல் எதிர்த்துச் சொன்னாலும், அவர் அரக்கு என்றால் அரக்கே. மற்றெல்லாச் சான்றும் அவர் இல்லாத வீட்டுக்கு உரியவை. படத்தை அவர் முன் வைத்து முதலில் ஓரத்தில் நிற்போரைக் கேட்க; அவர்கள் பெயரே முதலில் மறையும். நிறத்தைக் கடைசியில் கேட்க.

கேட்டதை அன்றே எழுதுக. மைத்தூவலால் எழுதற்க, மை மறுபக்கம் ஊறும். உருளைமுனைத் தூவலாலும் எழுதற்க. அழுத்தம் முகத்தில் பள்ளமாகும். மென்கரிக்கோலால், பின்புற விளிம்பில், மெல்ல எழுதுக. ஒட்டும் தாள் உடைய தொகுப்பேட்டில் படத்தைச் சிறைவைக்காதே. சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதே. கண்ணாடியோடே படி எடுத்துக்கொள்.

நாட்டுக்கெல்லாம் நாள் அச்சிட்டுக் கொடுக்கும் ஊரில், வீட்டுப் படத்தின் பின்புறம் வெறுமையாய்க் கிடக்கிறது. மாணாக்க, உன் வீட்டுப் படத்தில் இன்றே ஆண்டையும் ஊரையும் பெயர்களையும் எழுது. எழுதி முடித்த வீட்டுக்கு இந்நூல் வேண்டுவதில்லை.